மேசையில் கியூஆர் ஒட்டும் முன் சமையற்கட்டைச் சரிசெய்யுங்கள்

கேள்வி: கும்பகோணத்தில் அப்பா தொடங்கிய சைவ உணவகத்தை இப்போது நானும் சேர்ந்து நடத்துகிறேன். கீழ்த்தளத்தில் 14 மேசைகள், மாடியில் ஏ.சி. ஹாலில் 6 மேசைகள். நாளொன்றுக்குச் சராசரியாக 300 பில்கள் போடுகிறோம். ஒரு பில் ஏறக்குறைய 200 ரூபாய் வரும். சப்ளையர் வேலைக்கு ஆள் கிடைப்பதும், கிடைத்தவர் நிலைப்பதும் பெரும்பாடாக இருக்கிறது. மேசைக்கு மேசை கியூஆர் குறியீடு ஒட்டிவிட்டால் வாடிக்கையாளரே போனில் ஆர்டர் கொடுத்துப் பணமும் கட்டிவிடுவார், பாதி சப்ளையர்கள் போதும் என்று ஒரு மென்பொருள் நிறுவனத்தார் சொல்கிறார்கள். விற்பனையில் 2 சதவீதம் கேட்கிறார்கள். நம் கடைக்கு இது ஒத்துவராது என்கிறார் அப்பா. செய்யலாமா? எப்படித் தொடங்குவது? பணத்தை முதலில் வாங்குவதா, சாப்பிட்ட பிறகு வாங்குவதா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

செய்யலாம். மாடியில் உள்ள ஏ.சி. ஹாலில் மட்டும் தொடங்குங்கள். பணத்தைச் சாப்பிட்ட பிறகே வாங்குங்கள். 2 சதவீதத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். சப்ளையர்களைக் குறைக்கும் எண்ணத்தை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். இவற்றுக்கெல்லாம் காரணம் சொல்கிறேன். அதற்கு முன், குறியீட்டை அச்சடித்து ஒட்டுவது இந்த வேலையின் கடைசிப் பகுதி என்பதையும், கடினமான பகுதி முழுவதும் சமையற்கட்டின் பக்கம் இருக்கிறது என்பதையும் நீங்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

இன்று உங்கள் கடையில் ஓர் ஆர்டர் எப்படிப் போகிறது என்று பாருங்கள். சப்ளையர் நான்கு பேரிடம் கேட்டுக்கொள்கிறார்; இட்லி, வடை, பொங்கலைத் தானே எடுத்துக்கொள்கிறார்; தோசையைத் தோசை மாஸ்டரிடம் சொல்கிறார்; காபியை இப்போது சொல்லாமல், இலை முடியும் நேரம் பார்த்து ஸ்டாலில் சொல்கிறார். கல்லில் ஏற்கெனவே நிறைய தோசை நிலுவையில் இருந்தால், அடுத்த மேசைக்குப் போகும்போது, “ரவா தோசை நேரமாகும், ஊத்தப்பம் சொல்லட்டுமா?” என்று அவரே திருப்பிவிடுகிறார். ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அவர் நடந்து போகும் அந்தச் சில நிமிடங்கள்தான் தோசைக்கல்லைக் காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன. கியூஆர் வந்ததும் அந்தத் தடுப்பு போய்விடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு ஆறு மேசைகளிலும் உட்கார்ந்தவர்கள் ஒரே நிமிடத்தில் இருபது ரோஸ்ட் கேட்டு அழுத்திவிடலாம். கல்லின் அளவோ அன்றும் அதேதான். ஆகவே, நீங்கள் வாங்கும் மென்பொருளில் ஒரு பண்டத்தை உடனே நிறுத்திவைக்கவும், “20 நிமிடம் ஆகும்” என்று அதன் அருகிலேயே காட்டவும், மாஸ்டரோ சூப்பர்வைசரோ ஒரே தொடுதலில் செய்யக்கூடிய வசதி இருக்க வேண்டும். கல்லாவில் இருக்கும் கணினியில் ஐந்து பக்கங்கள் திறந்து போய்த்தான் செய்ய முடியும் என்றால், நெரிசல் நேரத்தில் அதை ஒருவரும் செய்யமாட்டார்கள்.

அடுத்தது, ஆர்டர் சீட்டு எங்கே அச்சாக வேண்டும் என்பது. எல்லா ஆர்டரும் ஒரே இடத்தில் ஒரே நீளச் சீட்டாக விழுந்தால், அதைக் கிழித்துக் கொண்டுபோய் ஒவ்வோர் இடத்திலும் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருக்கும். மிச்சப்படுத்திய ஆள் அங்கே செலவாகிவிடுவார். தோசைக்கல்லுக்கு ஒரு பிரிண்டர், காபி, ஜூஸ் ஸ்டாலுக்கு ஒரு பிரிண்டர் என்று பிரியுங்கள். கையில் தயாராக இருக்கும் இட்லி, வடை, பொங்கலுக்குச் சமையற்கட்டில் சீட்டே வேண்டாம். அந்த மேசைக்குரிய சப்ளையரின் போனுக்குப் போனால் போதும், அவர் எடுத்து வைத்துவிடுவார். தோசைக்கல் அருகே வைக்கும் பிரிண்டரைப் பற்றி ஒரு சொல்: பில் போடப் பயன்படும் தெர்மல் காகிதம் சூட்டினால் கறுப்பாவது. கல்லின் அனலுக்குப் பக்கத்தில் செருகிய சீட்டு சிறிது நேரத்தில் நிறம் மாறி, எழுத்து மங்கிப் போவதைப் பார்க்கலாம். அந்த இடத்துக்கு ரிப்பன் போட்டு அச்சிடும் பழைய டாட் மேட்ரிக்ஸ் வகைதான் பொருத்தமானது. அச்சிடும்போது அது எழுப்பும் சத்தமே மாஸ்டரைத் திரும்பிப் பார்க்க வைக்கும். பிரிண்டரை யுஎஸ்பி வயரில் கணினியோடு கட்டிவைக்காமல், நெட்வொர்க் கேபிளில் இணையும் வகையாக வாங்குங்கள். கணினி கல்லாவிலும் கல் பின்கட்டிலும் இருக்கும்போது யுஎஸ்பி வயர் அத்தனை தூரம் சரியாக வேலை செய்யாது.

சீட்டு தமிழில் வர வேண்டும். இதில் நான் எந்த விட்டுக்கொடுத்தலையும் பரிந்துரைக்கமாட்டேன். உங்கள் தோசை மாஸ்டருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியுமா என்பது கேள்வியே இல்லை; தெரிந்தாலும், ஆவிக்கும் புகைக்கும் நடுவே ஓர் அடி தள்ளி நின்று ஒரே பார்வையில் படிக்க வேண்டியவர் அவர். பெரும்பாலான சீட்டு பிரிண்டர்களுக்குள் தமிழ் எழுத்துகள் கிடையாது என்பதால், மென்பொருள் தமிழைப் படமாக மாற்றி அனுப்ப வேண்டும். அப்படிச் செய்யத் தெரியாத மென்பொருளில் கேள்விக்குறிகள் வரிசையாக வரும், அல்லது ‘தோசை’ என்பதில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தனித்தனியே நிற்கும். வட இந்தியப் பணியாளர் ஒருவர் கல்லில் நிற்கிறார் என்றால் அவருக்கான சீட்டு மட்டும் இந்தியில் வரும் வசதியையும் கேட்டுப் பாருங்கள்; இப்போது பல ஊர்களில் அது தேவைப்படுகிறது.

இனி, நம் ஊரில் மக்கள் சாப்பிடும் முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த மென்பொருள்களில் பலவும், ஒரு குடும்பம் ஒரு மேசையில் அமர்ந்து, எல்லாவற்றையும் ஒரே முறை ஆர்டர் செய்து, சாப்பிட்டு எழுந்து போகும் என்ற எண்ணத்தில் உருவாக்கப்பட்டவை. உங்கள் கடையில் ஒருவர் முதலில் இரண்டு இட்லி சொல்வார், அது முடியும்போது ஒரு ரோஸ்ட் சொல்வார், கடைசியில் காபி. போனில் ஆர்டர் செய்பவர் மூன்றையும் சேர்த்தே போட்டு அனுப்பிவிடுவார். கும்பகோணத்தில் டிகிரி காபி இட்லியோடு சேர்ந்து வந்து, ஆறி ஏடு படிந்து உட்கார்ந்திருந்தால் அந்த வாடிக்கையாளர் மறுபடி வருவாரா? ஆகவே, ‘இப்போது’, ‘பிறகு’ என்று இரண்டு பிரிவுகள் ஆர்டர் பக்கத்தில் இருக்க வேண்டும். காபி, டீ, பால் மூன்றும் தாமாகவே ‘பிறகு’ என்பதில் விழ வேண்டும். வாடிக்கையாளர் ‘காபி கொண்டுவரலாம்’ என்று தொட்ட பிறகோ, சப்ளையர் பார்த்து அனுப்பிய பிறகோதான் ஸ்டாலில் சீட்டு அச்சாக வேண்டும். இந்த ஒரு வசதி இல்லாத மென்பொருளை, மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும், டிபன் கடைக்கு எடுக்காதீர்கள்.

இன்னொன்று, பகிர்ந்து உட்காரும் வழக்கம். கீழ்த்தளத்தில் ஒருவரையொருவர் அறியாத நான்கு பேர் ஒரே மேசையில் உட்கார்வது உங்களுக்குத் தினசரிக் காட்சியாக இருக்கும். மேசைக்கு ஒரு குறியீடு என்றால் நான்கு பேரின் ஆர்டரும் ஒரே பில்லில் சேரும், அல்லது எதிரில் இருப்பவர் சொன்ன பூரி இவர் முன்னால் வந்து நிற்கும். அதற்கு ஒரே வழி இருக்கைக்கு ஒரு குறியீடு வைப்பது: 7அ, 7ஆ, 7இ, 7ஈ என்று. அது 14 மேசைக்கு 56 குறியீடுகளாகும். சப்ளையர்களுக்கும் இருக்கை எழுத்துகள் மனப்பாடமாக வேண்டும். இந்தச் சிக்கல் ஏ.சி. ஹாலில் பெரும்பாலும் இல்லை. அங்கே குடும்பமாகவே வந்து உட்கார்கிறார்கள். மாடியில் தொடங்குங்கள் என்று நான் சொல்வதற்கு முதற்காரணம் இதுதான். அப்பா சொல்வது கீழ்த்தளத்தைப் பொறுத்தவரை இன்றைக்கு முழுக்கச் சரி.

நவக்கிரகத் தலங்களுக்கு வேனில் வருபவர்களையும் நினைவில் வையுங்கள். பன்னிரண்டு பேர் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு உட்கார்ந்தால், எந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்வது, பில் ஒன்றா இரண்டா என்ற குழப்பம் வரும். மேசைகளை இணைக்கும் வசதி சூப்பர்வைசரிடம் இருக்க வேண்டும். இப்படிப்பட்ட குழுவுக்குச் சப்ளையரே நின்று கேட்டு, தன் போனில் போட்டுக்கொள்வதுதான் வேகமானது. அதே மென்பொருளில் அவருக்கும் ஆர்டர் போடும் திரை இருந்தால், வாயால் சொன்னதும் போனில் அழுத்தியதும் ஒரே வரிசையில் சமையற்கட்டுக்குச் செல்லும். இது மிகவும் முக்கியம். வாயால் சொல்பவரின் ஆர்டர் தனிக் காகிதத்தில் போய், போனில் போடுபவரின் ஆர்டருக்குப் பின்னால் தள்ளப்படுமானால், போன் கையாளத் தெரியாத பெரியவர்களைத்தான் நாம் காக்க வைக்கிறோம். முதலில் உட்கார்ந்தவருக்கு முதலில் வர வேண்டும் என்ற நியாயத்தை இந்தக் கருவி குலைத்துவிடக் கூடாது.

உணவுப் பட்டியலை ஏற்றும் வேலையை நிறுவனத்தாரிடம் விட்டுவிடாமல், நீங்களும் மாஸ்டரும் உட்கார்ந்து செய்யுங்கள். கடையில் எந்தப் பெயரைச் சொல்கிறீர்களோ அதே பெயரைத் தமிழில் முதலிலும் ஆங்கிலத்தில் அடுத்தும் எழுதுங்கள். பொங்கல் காலையில் மட்டும், சாப்பாடு மதியம் மட்டும், அடை அவியல் மாலையில் மட்டும் என்று நேரத்தைப் பூட்டிவையுங்கள். அந்தந்த நேரத்தில் கிடைக்காத பண்டம் பட்டியலில் தெரியவே கூடாது. ‘எண்ணெய் குறைவாக’, ‘வெங்காயம் இல்லாமல்’, ‘சர்க்கரை இல்லாமல்’, ‘டிகாஷன் தூக்கலாக’ என்று வழக்கமாக வரும் சொற்களைத் தொடுபொத்தான்களாக வையுங்கள். விருப்பம்போலத் தட்டச்சு செய்யும் கட்டத்தைத் திறந்துவிட்டால், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி அனுப்புவார்கள். அதைக் கல்லருகே ஒருவரும் படிக்கமாட்டார்கள். அளவில்லாச் சாப்பாட்டை மட்டும் கியூஆரில் ஒரே வரியாகப் போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். சோறும் சாம்பாரும் மறுமுறை வேண்டும் என்பதைப் போனில் அழுத்திக் கேட்கும் நிலை நம் சாப்பாட்டு மரபுக்கு நல்லதல்ல. வாளியோடு ஒருவர் சுற்றி வந்துகொண்டேதான் இருக்க வேண்டும். ‘சப்ளையரை அழைக்க’, ‘தண்ணீர்’ என்ற இரண்டு பொத்தான்கள் பக்கத்தின் அடியில் எப்போதும் தெரியும்படி இருக்கட்டும்.

இப்போது குறியீட்டுக்கு வருவோம். கியூஆர் 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் வாகன உதிரிபாகங்களைக் கண்காணிப்பதற்காக உருவானது. எண்ணெயும் அழுக்கும் படியும் இடத்தில் படிக்கப்பட வேண்டியிருந்ததால், ஒரு பகுதி அழிந்தாலும் மீதியிலிருந்து முழுவதையும் மீட்கும் ஆற்றல் அதற்குள்ளேயே வைக்கப்பட்டது. சாம்பார் சிந்தும் மேசைக்கு அந்த ஆற்றல் உங்களுக்குத் தேவை. இதில் நான்கு நிலைகள் உண்டு. ஏறக்குறைய 7, 15, 25, 30 சதவீதச் சேதம் வரை தாங்குபவை. மூன்றாம் நிலையைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் தாங்கும் ஆற்றல் கூடக் கூடக் கட்டங்களும் பெருகும் என்பதால், உள்ளே வைக்கும் முகவரி சிறியதாக இருப்பது அவசியம். 30 எழுத்துக்குள் அடங்கும் முகவரி அந்த நிலையில் 29க்கு 29 கட்டங்களில் அடங்கிவிடும். 150 எழுத்து கொண்ட முகவரிக்கு 57க்கு 57 வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் அகலத்தில் அச்சிட்டால் முதலாவதில் ஒரு கட்டம் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும், இரண்டாவதில் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. கீறல் விழுந்த கேமராவுள்ள பழைய போனில் படிக்குமா படிக்காதா என்பதை இந்த வித்தியாசமே முடிவு செய்யும். வெள்ளைப் பின்னணியில் கறுப்பாக அச்சிடுங்கள். சுற்றிலும் நான்கு கட்ட அளவு வெள்ளை ஓரம் விடுங்கள். கடையின் சின்னத்தை நடுவில் வைக்கச் சொல்லி அச்சகத்தில் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

காகிதத்தை லேமினேட் செய்து ஒட்டினால், ஈரத்துணியால் நாளுக்குப் பலமுறை துடைக்கும் மேசையில் ஓரம் பிரிந்து நீர் உள்ளே இறங்கும். பளபளப்பான மேற்பரப்பில் டியூப்லைட் வெளிச்சம் அடித்துக் குறியீடு தெரியாமலும் போகும். நிற்கும் அக்ரிலிக் ஸ்டாண்டு பார்க்க அழகு, ஆனால் அது நகரும். மேசை துடைப்பவர் இரண்டு ஸ்டாண்டுகளைக் கையில் எடுத்து இடம் மாற்றி வைத்துவிட்டால், 3ஆம் மேசையின் ஆர்டர் 5ஆம் மேசைக்குப் போய்க்கொண்டே இருக்கும். காரணம் கண்டுபிடிப்பதற்குள் காலை டிபன் நேரமே முடிந்துவிடும். பளபளப்பில்லாத அக்ரிலிக் அல்லது உலோகத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு, மேசையோடு திருகாணியால் பொருத்துங்கள். தகட்டில் மேசை எண்ணும் கடைப்பெயரும் கண்ணால் படிக்கும்படி பெரியதாக இருக்க வேண்டும். கூடவே, ‘போன் கேமராவில் ஸ்கேன் செய்யவும்’ என்று எழுதுங்கள். நம் மக்கள் கியூஆரைக் கண்டதும் பணம் அனுப்பும் செயலியைத் திறக்கிறார்கள். ஆர்டர் குறியீட்டை அதில் காட்டினால் செல்லாது என்று சொல்லும், கடையில் ஏதோ கோளாறு என்று எண்ணி விட்டுவிடுவார்கள்.

குறியீட்டுக்குள் இருக்கும் முகவரி உங்கள் சொந்த இணையப் பெயரில் இருக்க வேண்டும் என்பதை மிகவும் வலியுறுத்துகிறேன். கடையின் பெயரில் ஒரு டொமைனை ஆண்டுக் கட்டணம் கட்டி, உங்கள் பெயரிலேயே பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். தகட்டில் இருப்பது அந்த முகவரி. அங்கிருந்து மென்பொருள் நிறுவனத்தின் பக்கத்துக்குத் திருப்பிவிடலாம். நாளை அந்த நிறுவனம் விலையை ஏற்றினாலோ, மூடிப்போனாலோ, திருப்பும் இடத்தை மாற்றினால் போதும், ஒரு தகட்டைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை. இலவசமாகக் குறியீடு செய்து தரும் இணையதளங்கள் சிலவற்றில், சோதனைக் காலம் முடிந்ததும் குறியீடு இறந்துவிடும். ஒவ்வொரு மேசையின் முகவரியும் 1, 2, 3 என்று வரிசையாக முடியாமல், ஊகிக்க முடியாத எழுத்துக்கோவையாக முடிய வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் எண்ணை மாற்றி அடுத்த மேசையின் பேரில் ஆர்டர் போட்டுவிடலாம். குறியீட்டைப் படமெடுத்து வீட்டிலிருந்து விளையாட்டாக ஆர்டர் போடுவதும் நடக்கக்கூடியதே. இதற்கு எளிய மருந்து, முதல் ஆர்டர் வந்ததும் அந்த மேசைக்குரிய சப்ளையர் தன் போனில் ‘சரி’ என்று ஒருமுறை அழுத்திய பிறகே சமையற்கட்டுக்குப் போகும்படி வைப்பது. அவர் மேசையருகே போய், “வணக்கம், உங்கள் ஆர்டர் வந்துவிட்டது” என்று சொல்லவும் அது ஒரு வாய்ப்பாகிறது.

மாடியில் நான்கு சுவருக்குள் போன் சிக்னல் எப்படி இருக்கிறது என்று வெவ்வேறு நிறுவனங்களின் சிம் கொண்டு ஒவ்வொரு மேசையிலும் உட்கார்ந்து பாருங்கள். மோசமாக இருந்தால் வாடிக்கையாளருக்கான வைஃபை தேவைப்படும்; அதைப் பில் கணினியும் பிரிண்டரும் இருக்கும் இணைப்போடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். செயலியைத் தரவிறக்கச் சொல்லாமல் நேரே பக்கம் திறக்க வேண்டும். ஒவ்வொரு தோசைக்கும் பெரிய படம் போட்டுப் பக்கத்தைக் கனமாக்க வேண்டாம். மசால் தோசை எப்படியிருக்கும் என்று உங்கள் வாடிக்கையாளருக்குப் படம் காட்டத் தேவையில்லை. இணையம் நின்றுபோனால் சப்ளையரின் போனிலிருந்து கடைக்குள்ளேயே ஆர்டர் பிரிண்டருக்குப் போகுமா என்று, ரௌட்டரின் இணைய வயரைப் பிடுங்கிவிட்டுச் சோதியுங்கள். ரௌட்டருக்கும் பிரிண்டர்களுக்கும் யுபிஎஸ் இணைப்பு வேண்டும். ஆர்டர் புத்தகமும் அச்சிட்ட உணவுப் பட்டியலும் எப்போதும் கைவசம் இருக்கட்டும். 2028இல் மகாமகம் வருகிறது. அந்தக் கூட்டத்தில் போன் கோபுரங்கள் திணறும்போது உங்களைக் காப்பாற்றப் போவது அந்தப் புத்தகம்தான்.

பணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முன்பணம் என்பது டோக்கன் வாங்கி நின்று சாப்பிடும் கடைக்குப் பொருந்தும். சுற்றுச் சுற்றாகச் சொல்லிச் சாப்பிடும் இடத்தில், ஒவ்வொரு வடைக்கும் ஒருமுறை பணம் அனுப்பச் சொன்னால் இரண்டாவது வடையை யாரும் கேட்கமாட்டார்கள்; பொங்கல் தீர்ந்துபோய்விட்டால் பணத்தைத் திருப்பியனுப்பும் தலைவலியும் சேரும். சாப்பிட்டு முடித்ததும் பில் போனில் தெரியட்டும்; தொகை ஏற்கெனவே நிரப்பப்பட்ட யுபிஐ இணைப்பின் வழியே கட்டுபவர் கட்டட்டும், கல்லாவில் ரொக்கம் கொடுப்பவர் கொடுக்கட்டும். ஆர்டர் குறியீட்டின் பக்கத்திலேயே யுபிஐ குறியீட்டையும் மேசையில் ஒட்டாதீர்கள். 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில், கடைகளின் வாசலில் இருந்த யுபிஐ குறியீடுகள்மேல் இரவோடிரவாக வேறு குறியீடுகளை ஒட்டிவிட்டுப் போய், பணம் வேறொருவர் கணக்குக்குச் சென்ற செய்தி நினைவிருக்கலாம். காலையில் கடை திறக்கும்போது எல்லாத் தகடுகளையும் விரலால் தடவிப் பார்த்து, ஸ்கேன் செய்து பார்க்கும் வேலையை ஒருவரிடம் ஒப்படையுங்கள். வாடிக்கையாளரின் திரையைப் பார்த்துப் பணம் வந்ததாக எடுத்துக்கொள்ளாமல், உங்கள் கணக்கில் வந்த அறிவிப்பை மட்டும் நம்புங்கள். வங்கிக் கணக்கிலிருந்து நேராக வரும் யுபிஐ பணத்துக்கு 2020 ஜனவரியிலிருந்து வணிகரிடம் எம்டிஆர் கட்டணம் (பணம் பெறும் கடையிடமிருந்து வங்கிகள் பிடித்துக்கொள்ளும் பங்கு) இல்லை. ஆகவே ‘யுபிஐ கட்டணம்’ என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தால் அது எதற்கானது என்று எழுத்தில் கேளுங்கள்.

வரி விஷயத்தை உங்கள் ஆடிட்டரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். பொதுவாக உங்களைப் போன்ற உணவகத்துக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், உள்ளீட்டு வரி வரவு (வாங்கும் பொருளுக்கும் சேவைக்கும் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி) கிடையாது. எனவே மென்பொருள் கட்டணத்தின்மேல் வரும் 18 சதவீத வரி முழுவதும் உங்கள் செலவுதான். நிறுவனத்தார் சொல்லும் தொகையோடு அதைச் சேர்த்தே கணக்கிடுங்கள். போனில் தெரியும் விலையும் சுவரில் எழுதிய விலையும் ஒன்றாக இருக்கட்டும். சேவைக் கட்டணம் தானாகச் சேரும் அமைப்பு சில மென்பொருள்களில் இருக்கும். அப்படித் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது, 2025 மார்ச்சில் தில்லி உயர்நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆகவே முதல் நாளே அணைத்துவிடுங்கள். பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும்.

ஆர்டர் கொடுக்கும் முன் போன் எண்ணும் ஓடிபியும் கேட்கும் திரையை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எண் தராவிட்டால் பொருள் இல்லை என்று வற்புறுத்தக் கூடாது என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே வணிகர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. சிங்கப்பூர், மலேசிய சிம்மோடு கோவில்களுக்கு வருபவர்களுக்கு அந்த ஓடிபி வந்து சேருவதும் நிச்சயமில்லை. பசியோடு வந்து உட்கார்ந்தவரிடம் முதலில் கேட்க வேண்டியது என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதுதான்.

2 சதவீதத்துக்கு வருகிறேன். உங்கள் கணக்குப்படி நாளொன்றுக்கு 60,000 ரூபாய் விற்பனை. கடை முழுவதும் இந்த முறைக்கு மாறினால் தினம் 1,200 ரூபாய், 30 நாளில் 36,000 ரூபாய், அதன்மேல் வரி. நீங்கள் விலையேற்றினால் அவர்கள் பங்கும் தானாக ஏறும்; அரிசியும் உளுந்தும் விலையேறும் சுமையோ உங்களுடையது மட்டும். வாடிக்கையாளரை அழைத்துவரும் டெலிவரி நிறுவனம் பங்கு கேட்பதில் ஒரு நியாயம் சொல்லலாம். உங்கள் கடைக்குள் உங்களை நம்பி வந்து உட்கார்ந்தவரின் ஆர்டரை மாடியிலிருந்து கீழே அனுப்புவதற்குப் பங்கு கேட்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. மாதக் கட்டணமோ ஆண்டுக் கட்டணமோ பேசுங்கள். விற்பனை விவரமும் உணவுப் பட்டியலும் உங்கள் உடைமை, கேட்டபோது எக்செல் கோப்பாகத் தர வேண்டும், ஆர்டர் பக்கத்தில் வேறு விளம்பரம் வரக் கூடாது என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

சப்ளையர்களிடம் இதைத் தொடங்கும் முன்பே பேசுங்கள். தங்கள் வேலையை எடுத்துக்கொள்ள வந்த இயந்திரம் என்று அவர்கள் நினைத்தால், “அது சரியாக வராது சார், என்கிட்டயே சொல்லுங்க” என்று வாடிக்கையாளரிடம் அவர்களே சொல்லிவிடுவார்கள்; அதற்கு மேல் எந்த மென்பொருளும் ஓடாது. ஆர்டர் எழுத ஒருமுறை, பில் எடுத்துவர ஒருமுறை, மீதிச் சில்லறைக்கு ஒருமுறை என்று படியேறி இறங்கும் நடை இதனால் குறையும். அந்த நேரம் சட்னியும் சாம்பாரும் மறுமுறை கேட்டு ஊற்றப் பயன்படும். விற்பனைக்கேற்ப ஊக்கத்தொகை கொடுப்பவர் நீங்கள் என்றால், கியூஆர் வழியே வந்த ஆர்டரும் அந்த மேசைக்குரியவரின் கணக்கில் சேர வேண்டும். டிப்ஸ் குறையுமே என்ற அச்சமும் அவர்களுக்கு இருக்கும், அதையும் கேட்டறியுங்கள். சில மாதங்கள் போன பிறகு, ஒருவர் ஊருக்குப் போனால் அவர் இடத்தில் உடனே ஆள் தேடாமல் சமாளிக்க முடிகிறதா என்று பாருங்கள்; இந்தக் கருவி உங்கள் ஆள் பற்றாக்குறைக்குத் தரக்கூடிய நேர்மையான உதவி அவ்வளவுதான்.

முகூர்த்த நாளும் வாரக் கடைசியும் இல்லாத செவ்வாய், புதன் போன்ற நாளில், மாடியில் இரண்டு மேசைகளோடு ஆரம்பியுங்கள். ஆர்டர் வந்த நேரமும் தட்டு மேசைக்குப் போன நேரமும் குறித்துக்கொண்டு, கையால் எழுதும் மற்ற நான்கு மேசைகளோடு ஒப்பிடுங்கள். எத்தனை தட்டுகள் தவறாகப் போய்த் திரும்பின, எத்தனை பேர் ஸ்கேன் செய்துவிட்டுப் பாதியில் விட்டுச் சப்ளையரை அழைத்தார்கள் என்பதையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அப்பாவை அந்த ஹாலில் ஒரு மேசையில் உட்கார வைத்து, யாரும் உதவாமல் ஒரு நெய் ரோஸ்ட்டும் காபியும் வரவழைக்கச் சொல்லுங்கள். அவர் எந்தத் திரையில் தயங்கி நிற்கிறாரோ அந்தத் திரையை மாற்றச் சொல்லி நிறுவனத்தாரிடம் கேளுங்கள்.

அவர்கள் அடுத்த முறை வரும்போது லேப்டாப்பில் படம் காட்டவிடாமல், பிரிண்டரோடு உங்கள் சமையற்கட்டுக்கே வரச்சொல்லுங்கள். ‘கொத்துமல்லிச் சட்னி தனியாக’, ‘நெய் ரோஸ்ட், எண்ணெய் குறைவாக’, ‘7ஆ, காபி பிறகு’ என்ற மூன்று வரிகளை உங்கள் கண்முன்னே அச்சிடச் செய்து, சீட்டைத் தோசை மாஸ்டர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடையில்லாமல் படித்தால் விலை பேசத் தொடங்கலாம்.